முத்துவின் குளம்பும் மூன்று டப்பாக்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, சிங்கப்பூர் யீஷூனிலிருந்து எழுதுகிறேன். கிராஞ்சிப் பந்தயத் திடலில் ஓடி ஓய்வு பெற்ற 11 வயதுக் குதிரை ஒன்றை, இன்னொரு குடும்பத்தோடு செலவைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றரை ஆண்டாக ஒரு லாயத்தில் வைத்திருக்கிறோம். என் 16 வயது மகள்தான் ஓட்டுகிறாள். பெயர் முத்து, எடை 480 கிலோ. வந்த புதிதில் துள்ளல் அதிகம் என்று பெல்லட் (சிறு உருண்டைகளாக அழுத்திய) தீவனத்தை நாளுக்கு 5 கிலோவிலிருந்து 2 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது குணம் சாது. குளம்புதான் பிரச்சினை. ஆணி அடித்த இடமெல்லாம் பிஸ்கட் போல உதிர்கிறது. ஆறு வாரத்தில் இரண்டு முறை முன்கால் லாடம் கழன்றுவிட்டது. லாடம் அடிப்பவர் பயோட்டின் என்ற வைட்டமினைக் கொடுக்கச் சொன்னார். ஒரு டப்பா வாங்கினோம். லாயத்தில் இன்னொருவர் அதைவிட நல்லது என்று வேறொன்றைச் சொன்னார்; அதையும் வாங்கினோம். ரோமம் மின்ன மூன்றாவதாக ஒரு சத்துப்பொடி. புக்கிட் தீமா பந்தயத் திடலில் அந்தக் காலத்தில் சைஸ் (குதிரை பராமரிப்பாளர்) வேலை பார்த்த என் தாய்மாமா, தினமும் நான்கு பச்சை முட்டையும் வேகவைத்த கொள்ளும் கொடு என்கிறார், அதுவும் நடக்கிறது. இரண்டு மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை. "இந்தக் காசுக்கு உனக்கும் எனக்கும் தங்கத்திலேயே செருப்பு செய்திருக்கலாம்" என்கிறார் என் கணவர். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது?

பதில்: இரண்டு மாதத்தில் மாற்றம் தெரிந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

குளம்பும் நம் நகமும் ஒரே இனம். முத்துவின் முன்காலில் ரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று ஒரு பட்டை தட்டுப்படும். குளம்புச் சுவர் பிறப்பது அங்கேதான். அங்கிருந்து கீழே தள்ளப்பட்டுவிட்ட பகுதிக்கு உயிர் கிடையாது. ரத்தம் போகாது, சத்தும் போகாது. உடைந்த நகத்தைப் பால் குடித்து ஒட்டவைக்க முடியாததைப் போல, உதிர்ந்துகொண்டிருக்கும் குளம்பை எந்தப் பொடியும் ஒட்டவைக்காது. இனி முளைக்கப்போகிற குளம்புக்கு மட்டுமே பொடி உதவும்.

வளர்ச்சி மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர். முன்நுனியில் மேல்விளிம்பிலிருந்து தரைவரை வந்து சேர 9 முதல் 12 மாதம் ஆகும். குதிகால் பக்கம் சுவர் குட்டை என்பதால் அங்கே பாதிக்காலம் போதும். உங்கள் இரண்டு மாதப் பொடி, பலித்திருந்தாலும், விளிம்புக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். ஆணி அடிக்கும் இடம் அதற்கும் வெகு கீழே இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) காசின் விட்டம் 24.65 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று மாத வளர்ச்சி. குளம்பின் மேல்விளிம்பை ஒட்டி அந்தக் காசைப் பிடித்து, மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். மகளிடம் சொன்னால் ஒழுங்காகச் செய்வாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியும் குதிரையும் ஒரே இடத்தில் இருந்தால் வேறென்ன வேண்டும்? மேலே புதிதாக வரும் குளம்பு வழவழப்பாக, விரிசலின்றி இறங்குகிறதா என்பதே கேள்வி. கீழே உதிர்வதை இப்போதைக்குப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். "பந்தயக் காலத்துக் கோளாறு, அதுதான் குளம்பு இப்படி" என்று லாயத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது 2024 அக்டோபர் 5ஆம் தேதி. முத்து உங்களிடம் வந்தே ஒன்றரை ஆண்டாகிறது. பந்தயக் காலத்தில் அவன் மிதித்த குளம்பு முழுவதும் தேய்ந்தும் வெட்டுண்டும் எப்போதோ போய்விட்டது. இப்போது உதிர்வது உங்கள் லாயத்தில், உங்கள் தீனியில், உங்கள் தரையில் விளைந்த குளம்பு. நீண்ட முன்நுனி, தாழ்ந்த குதிகால் என்று அந்த நாட்களில் ஏற்பட்ட வடிவக் கோளாறு வேண்டுமானால் தொடரலாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

எனவே எந்த டப்பா என்று பார்ப்பதற்கு முன், ஒன்றரை ஆண்டாக முத்து என்ன சாப்பிட்டான் என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்குச் சட்டென்று உறுத்திய வரி, தீவனத்தை 5 கிலோவிலிருந்து 2 கிலோவாகக் குறைத்தது. துள்ளலை அடக்கவேண்டும் என்ற நோக்கத்தில் அது சரியான முடிவு. ஆனால் தொழிற்சாலைப் பெல்லட்டில் தானியம் மட்டும் இல்லை. துத்தநாகம், தாமிரம், வைட்டமின்கள் எல்லாம் குறிப்பிட்ட அளவில் கலந்திருக்கும். மூட்டையில் அச்சிட்டிருக்கும் அளவைக் கொடுத்தால்தான் அந்தச் சத்துகள் முழுதாகச் சேரும். அது ஒரு நாளைக்கு 5 கிலோ என்று போட்டிருந்தால், 2 கிலோ கொடுக்கும்போது தாதுக்களும் ஐந்தில் இரண்டு பங்குதான் போகின்றன. ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளின் குளம்பு கெடுவதற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம் இதுதான். கொழுப்பு ஏறக்கூடாது என்று எல்லோரும் கவனமாகக் குறைப்பார்கள். கூடவே என்னென்ன குறைகிறது என்று யாரும் மூட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

500 கிலோ எடையுள்ள, லேசாக வேலை செய்யும் குதிரைக்கு அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் வகுத்த அளவு நாளொன்றுக்குத் துத்தநாகம் 400 மில்லிகிராம், தாமிரம் 100 மில்லிகிராம், செலினியம் 1 மில்லிகிராம். புரதம் ஏறக்குறைய 700 கிராம். முத்துவுக்கும் ஏறத்தாழ இவையே. துத்தநாகமும் தாமிரமும் குளம்பின் கெரட்டின் புரதம் இறுகுவதற்குத் தேவை. இறக்குமதியாகும் உலர்புல்லில் இவை இரண்டும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இரும்பு மட்டும் தாராளமாக இருக்கும். பந்தய லாயங்களில் "ரத்தம் ஊற" என்று இரும்பு டானிக் ஊற்றும் பழக்கம் ஒன்று இருந்தது. முத்துவின் மூன்றாவது டப்பா அந்த வகையென்றால், அதை இன்றே மூடி வையுங்கள். இரும்பு குறைந்த குதிரை அபூர்வம்.

இனி பயோட்டின். உங்கள் லாடக்காரர் சொன்னது தவறில்லை. குளம்புக்காக விற்கப்படும் பொருள்களில் ஆய்வின் ஆதரவு ஓரளவு உறுதியாக இருப்பது இதற்குத்தான். வியன்னாவின் லிப்பிசானர் இனக் குதிரைகளில் ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பயோட்டினும், இன்னொரு பிரிவுக்கு வெறும் பொடியும் கொடுத்துப் பார்த்தார்கள். 1995இல் முடிவு வெளியானது. குளம்பின் தரம் தேறியது. ஆனால் அது புலப்பட 9 மாதம் ஆனது. குளம்பு வளரும் வேகமும் கூடவில்லை. "மூன்று வாரத்தில் பலன்" என்று எழுதியிருக்கும் டப்பாக்களை நான் ஏன் நம்புவதில்லை என்று இப்போது புரியும். கொடுப்பதை நிறுத்தியபின் மறுபடி மோசமான குதிரைகளும் உண்டு. அதனால் பலித்தால் தொடர்ந்து கொடுக்கவேண்டியிருக்கும். பட்ஜெட் போடும்போது இதையும் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

முத்துவின் எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வேண்டும். ஏமாறும் இடம் இங்கேதான். டப்பாவின் முகப்பில் "பயோட்டின்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கம் "ஒரு கிலோ பொடியில் 400 மில்லிகிராம், கரண்டி அளவு 25 கிராம்" என்று பொடி எழுத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு கரண்டியில் 10 மில்லிகிராம்தான். ஒரு கரண்டி போட்டுவிட்டு முழு அளவு கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். உங்கள் டப்பாவில் இந்த இரண்டு எண்களையும் தேடி நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே ஓரளவு பயோட்டினைத் தயாரித்துக் கொடுக்கின்றன. அவை நன்றாக வேலை செய்ய நார் வேண்டும். தானியம் அதிகமாகி, புல் குறைந்து, குடல் புளித்துப்போனால் அந்தத் தயாரிப்பு படுத்துவிடும். ஆகவே உலர்புல் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் 2 பங்கு, அதாவது முத்துவுக்கு 7 முதல் 10 கிலோ, போகிறதா என்று ஒரு முறை தராசில் வைத்துப் பாருங்கள். "இரண்டு கட்டு போடுகிறோம்" என்பது பதிலாகாது. கட்டுக்குக் கட்டு எடை மாறும்.

பயோட்டின் எல்லாக் குதிரைக்கும் பலிக்காது. குளம்பு உதிரும் சில குதிரைகளுக்குக் குறை கால்சியத்திலும் புரதத்திலும் இருக்கும். வாரம் தவறாமல் தவிட்டுக் கூழ் காய்ச்சி ஊற்றும் லாயங்களில் இதைச் சந்தேகப்பட வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். அளவு மீறினால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். இதற்கு மாற்று எளிது: உலர்ந்த குதிரை மசால் நாளுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ. இங்கே தீவனக் கடையில் லூசர்ன் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கால்சியமும் நல்ல புரதமும் ஒன்றாகக் கிடைக்கும். தமிழில் அதன் பெயரிலேயே குதிரை இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இப்போது மூன்று டப்பாக்களையும் மேசைமேல் வரிசையாக வையுங்கள். பெல்லட் மூட்டையின் சீட்டையும் பக்கத்தில் வையுங்கள். நான்கிலும் "செலினியம்" என்ற சொல்லைத் தேடுங்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் கூடினால் பெரும்பாலும் காசு நட்டம்தான்; செலினியம் அப்படியில்லை. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் அதில் மிகக் குறைவு. நாள்பட்ட அளவுமீறலில் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். குளம்பு மேல்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் வெடிக்கும். முற்றினால் குளம்பே கழன்றுவிடும். நல்ல குளம்புக்காகப் போட்ட பொடியே குளம்பைக் கழற்றும் என்றால் எப்படியிருக்கும்? 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய போலோ போட்டிக்கு வந்திருந்த 21 குதிரைகள் ஒரே நாளில் மாண்டன. ஊசியாகப் போட்ட சத்து மருந்தில் செலினியத்தின் அளவு தவறாகிவிட்டதே காரணம். அது ஊசி; உங்களுடையது பொடி. அவ்வளவு வேகமாக எதுவும் நடக்காது. ஆனால் குளம்புப் பொடி, ரோமப் பொடி, பெல்லட் மூன்றிலும் ஒவ்வொரு மில்லிகிராமாகச் சேர்ந்துகொண்டே போனால், யாரும் கவனிக்காமல் தேவையின் மூன்று நான்கு மடங்கில் போய் நிற்பீர்கள். கூட்டுத்தொகை 3 மில்லிகிராமைத் தாண்டினால் எந்தப் பொடியையும் தொடராமல், அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து உங்கள் லாயத்துக்கு வரும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் செலினியத்தை அளந்துவிடலாம்.

மாமாவின் முட்டைக்கு வருகிறேன். சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இது, ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

இணையத்தில் தேடினால், "பச்சை முட்டை பயோட்டினை அழித்துவிடும், கூடவே கூடாது" என்று பயமுறுத்துவார்கள். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஒரு முட்டையில் இருக்கும் அவிடின் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அது பிடிக்கக்கூடிய பயோட்டின் ஒரு மில்லிகிராமில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு. நான்கு முட்டை சேர்ந்தாலும் நீங்கள் கொடுக்கும் 20 மில்லிகிராமில் அது கடலில் ஒரு கைப்பிடி. அந்தப் பயத்துக்காக மாமாவிடம் சண்டை போட வேண்டாம். பச்சை முட்டையில் எனக்கிருக்கும் கவலை சால்மொனெல்லா கிருமி. இந்த ஊர் வெப்பத்தில் தீவனத் தொட்டியில் முட்டை ஒரு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வேகவைத்துக் கொடுத்தால் கிருமியும் சாகும், அவிடினும் செயலிழக்கும்.

முட்டையின் நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. குளம்பின் கெரட்டினுக்கு உறுதி கொடுப்பவை கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள். மெத்தியோனினும் அதிலிருந்து உடல் செய்துகொள்ளும் சிஸ்டீனும். கொள்ளில் புரதம் நூற்றுக்கு 22 பங்கு உண்டு, ஆனால் எல்லாப் பருப்பு வகைகளையும்போல அதில் மெத்தியோனின் குறைவு. முட்டையில் அது நிறைவு. கொள்ளையும் முட்டையையும் சேர்த்த அந்தப் பழைய சைஸ்களுக்கு அமினோ அமிலம் என்ற சொல் தெரிந்திருக்காது. குதிரையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அளவுதான் போதாது. நான்கு முட்டையில் மெத்தியோனின் ஒரு கிராமுக்கும் குறைவு. ஒழுங்கான குளம்புப் பொடிகள் சிலவற்றில் ஒரு நாள் அளவிலேயே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கொள்ளு தேக்கா சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது என்று அள்ளிப் போடாதீர்கள். அதில் மாவுச்சத்தும் நிறைய. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது மனிதருக்குச் சொன்ன பழமொழி. குதிரை கொள்ளில் இளைக்காது. ஊறவைத்து நன்றாக வேகவைத்த கொள்ளு ஒரு கை, இரண்டு கை, மாமாவின் மனநிறைவுக்குப் போதும். வேகாத கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே போவதைப் பற்றி. சிங்கப்பூரில் வெளியே இருப்பதுதான் பெரிய வில்லன் என்பது என் எண்ணம், அதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சரியாகச் சொன்னால், இன்னொருவருடைய காசு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் குதிரைக்குப் பயோட்டின், துத்தநாகம், எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஓராண்டு கழித்தும் குளம்பு அப்படியே. உரிமையாளர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒருநாள் வழக்கமில்லாத மாலை நேரத்தில் அந்த லாயத்துக்குப் போனேன். குளியல் மேடையில் வடிகால் அடைத்து, கணுக்கால்வரை தண்ணீரில் அந்தக் குதிரை நின்றுகொண்டிருந்தது. காலையில் ஒருமுறை, ஓட்டியபின் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று நாளுக்கு மூன்று குளியல் என்றார்கள். ஓராண்டாக நான் வாயைத்தான் பார்த்திருக்கிறேன், காலைப் பார்க்கவில்லை.

குளம்பு தண்ணீரை உறிஞ்சி ஊதும், காய்ந்தால் சுருங்கும். நாளுக்கு மூன்று முறை ஊதிச் சுருங்கும் சுவரில் ஆணி எப்படி நிலைக்கும்? துளை மெல்ல அகலும், ஆணி ஆடும், ஈயை விரட்டக் காலைத் தரையில் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் இன்னும் கொஞ்சம் உடையும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. நவம்பர் முதல் ஜனவரி வரை மணல்தரை உலர்வதே இல்லை. இதன்மேல் நாம் குழாயையும் திறந்துவிடுகிறோம்.

குளிப்பாட்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் புழுக்கத்தில் ஓடி வந்த குதிரையைக் குளிர்விக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. வியர்வையே இல்லாத நாளில் வெறும் அழகுக்காகக் குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள். குளிப்பாட்டும்போது கழுத்து, முதுகு, தொடை என்று மேலே ஊற்றி, தண்ணீரை வழித்துத் தள்ளி, மறுபடி ஊற்றுங்கள். முடிந்ததும் கால்களைத் துணியால் துடைத்து, வடிகால் நன்றாக உள்ள காய்ந்த ரப்பர் விரிப்பில் காற்றோட்டமாக அரை மணி நேரம் நிறுத்துங்கள். குளம்புச் சுவரில் நீர் ஊடுருவாத பூச்சு பூசுவதானால் குளிப்பதற்கு முன், காய்ந்த குளம்பில் பூசவேண்டும். ஈரக் குளம்பில் எண்ணெய் தடவினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தது போலாகும். பளபளப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கொட்டிலில் மரத்தூள் சிறுநீரில் ஊறிக் கிடந்தால் அதிலிருந்து எழும் அம்மோனியாவும் குளம்பை அரிக்கும். காலையில் உள்ளே நுழைந்ததும் மூக்கில் நெடி ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

லாடக்காரருக்கும் இதில் பங்குண்டு. உங்கள் கடிதத்தில் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றுகிறீர்கள் என்று இல்லை. இந்த ஊரில் குளிர்கால ஓய்வு கிடையாது. ஆண்டு முழுக்கக் குளம்பு வளரும். நான்கைந்து வாரத்தைத் தாண்டவிட்டால் முன்நுனி நீண்டு நெம்புகோலாக மாறி, ஒவ்வொரு அடியிலும் ஆணியைப் பிடுங்கும். நுனியைக் குறைத்துக் குதிகாலைத் தாங்கும்படி சீவ முடியுமா, உதிர்ந்த இடத்தைத் தவிர்த்து நல்ல சுவரில் குறைந்த ஆணிகளோடு நிறுத்த முடியுமா, நல்ல குளம்பு இறங்கும்வரை சில மாதம் பசை வைத்து ஒட்டும் லாடம் போடலாமா என்று கேளுங்கள். கழன்ற லாடத்தோடு அவரைக் குறைசொல்லப் போகாமல், காசு வைத்து எடுத்த படங்களோடு போனால் அவரும் மனம்விட்டுப் பேசுவார். லாடம் கழன்ற அன்று மகள் ஆசைப்பட்டாலும் அவனை ஓட்டவிடாதீர்கள். உடைந்த ஓரத்தில் மிதித்தால் ஆறு மாத வளர்ச்சி ஒரே நாளில் போய்விடும்.

அடிக்குளம்பின் நடுவில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கும் பகுதியைத் தினமும் சுத்தம் செய்யும்போது கறுப்பாகப் பிசுபிசுத்து நாறுகிறதா என்று பாருங்கள். நாறினால் அது தொற்று, பொடியால் தீராது. குளம்பு தொட்டால் சூடாக இருப்பது, கணுக்காலின் பின்பக்கம் நாடி படபடவென்று அடிப்பது, முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்பது, குளம்புச் சுவரில் குதிகால் பக்கம் அகன்று போகும் வளையங்கள், விரிசலில் ரத்தம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் உங்கள் மருத்துவரை அன்றே அழையுங்கள்.

சரி, டப்பாக்கள். சீட்டில் பயோட்டின், துத்தநாகம், தாமிரம், மெத்தியோனின் நான்கும் அளவோடு அச்சிடப்பட்டிருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் நிறுத்துங்கள். ரோமப் பொடிக்குப் பதிலாக வேண்டுமானால் ஆளிவிதையை அரைத்து நாளுக்கு ஒரு கை கொடுங்கள்; ரோமம் தானாக மின்னும். பெல்லட்டை மறுபடி 5 கிலோவாக ஏற்றாதீர்கள். தாதுக்கள் செறிவாக உள்ள, கொஞ்சமாகக் கொடுத்தால் போதுகிற பேலன்சர் வகைத் தீவனத்துக்கு மாற முடியுமா என்று லாயத்தில் கேளுங்கள். மாறினால், வைத்துக்கொண்ட டப்பாவில் பாதி தேவைப்படாமலே போகலாம். அப்போது மறுபடி சீட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். எந்த மாற்றத்தையும் பத்து நாளில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள், குடல் பழகட்டும். பிறகு ஒன்பது மாதம் எதையும் மாற்றாமல் பொறுத்திருக்க வேண்டும். அடுத்த மாதமே யாராவது இன்னொரு டப்பாவோடு வருவார்கள். வாங்காதீர்கள். இடையில் எதையாவது மாற்றினால், குளம்பு தேறினாலும் எதனால் தேறியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆணி நிற்கும் இடத்துக்கு நல்ல குளம்பு இறங்க ஐந்தாறு மாதமாகும். அதுவரை லாடம் இன்னும் ஒருமுறை கழலக்கூடும். கணவரை இப்போதே தயார்படுத்தி வையுங்கள்.

மாமாவிடம் முட்டையை வேகவைக்கச் சொன்னேன் என்று சொல்லுங்கள். கூடவே எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள்: புக்கிட் தீமாவில் பந்தயம் நடந்த அந்தக் காலத்தில், குளிப்பாட்டிய குதிரையை அவர்கள் எதன்மேல் நிறுத்திக் காயவைத்தார்கள்? ரப்பர் விரிப்பெல்லாம் வருவதற்கு முன் அவர்கள் இந்த ஈரத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.